பின்பெட்டியில் ஒரு பை இருக்கிறது

அன்புள்ள மகளுக்கு,

காரின் பின்பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் பை வைத்திருக்கிறேன். அதற்குள் உன் காரின் முன்சக்கரப் பிரேக்கிலிருந்து கழற்றிய இரண்டு ரப்பர்க் குழாய்கள் இருக்கும். ஒன்றை நீளவாக்கில் கத்தியால் பிளந்திருக்கிறேன். குப்பை என்று எறிந்துவிடாதே. தொலைபேசியில் சொன்னால் "கூட்டத்தில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் அப்பா" என்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

ஜூன் விடுமுறையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கேமரன் மலைக்குக் காரிலேயே போகப்போவதாக நீ சொன்ன பிறகுதான், வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சனிக்கிழமை தெம்பனிசில் உன் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு ஈசூனுக்கு வந்து இறங்கியதும், முன்பக்க இடது சக்கரத்திலிருந்து தீய்ந்த நெடி வந்தது. சக்கரத்தைத் தொடாமல் உள்ளங்கையை மட்டும் அருகில் கொண்டுபோனேன். வலப்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது, இடப்பக்கம் அனலடித்தது.

இரண்டு மாதங்களுக்கு முன்புதான் ஆய்வில் தேறிய வண்டி இது. காரை வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழை ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்து, பத்து வயதைத் தாண்டிவிட்டதால் இனி ஆண்டுதோறும் ஆய்வுக்குப் போக வேண்டும். ஆனால் அந்தத் தாள் அன்றைய நிலையை மட்டுமே சொல்லும். அடுத்த வாரத்துக்கு அது பொறுப்பேற்காது.

திங்கட்கிழமை சின் மிங்கில் எனக்குப் பழக்கமான பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஜாக்கியில் தூக்கி, பிரேக்கை ஒருமுறை மிதித்து விட்ட பிறகு, இடது சக்கரத்தை இரு கைகளாலும் திருப்பினாலும் நகரவில்லை. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தகட்டை பேட் கட்டைகளால் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் இறுகிவிட்டது, அதை மாற்ற வேண்டியதுதான் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். பட்டறைக்காரர் அவசரப்படவில்லை. பிரேக் எண்ணெயைக் கொண்டுவரும் இரும்புக் குழாய் வண்டியின் உடலோடு வந்து, காலிப்பருக்குப் போகும் ரப்பர்க் குழாயோடு, அதாவது ஹோஸோடு, சேரும் இடத்திலுள்ள நட்டை முதலில் தளர்த்தினார், சக்கரம் அசையவில்லை. நட்டை இறுக்கிவிட்டு, அடுத்ததாகக் காலிப்பரில் காற்றெடுக்கும் திருகைத் திறந்தார். பிரேக் எண்ணெய் சிறு பீச்சலாய் வெளியே வந்தது, சக்கரம் உடனே சுழன்றது. ஹோஸுக்கு முன்னால் அழுத்தம் இல்லை, பின்னால் இருக்கிறது என்றால், அடைப்பு அந்த ஒரு முழத்துக்குள்தான் இருக்க வேண்டும்.

இப்போது பையைத் திற. வெளியே பார்த்தால் ஹோஸில் வெடிப்போ கசிவோ வீக்கமோ எதுவும் இல்லை. பிளந்த பக்கத்தைத் திருப்பிப் பார்: நடுவில் மூன்று மில்லிமீட்டர் அளவே உள்ள துளை, அதைச் சுற்றி நூல் பின்னல், அதன்மேல் தடித்த ரப்பர். துளையின் உட்சுவர் ஓரிடத்தில் உரிந்து நாக்குபோல் தொங்குவதை நகத்தால் தூக்கிப் பார்க்கலாம். டயரில் இருப்பது இரண்டேகால் பார் அளவு காற்றழுத்தம். பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது இந்தச் சிறு துளைக்குள் நூறு பார் வரை ஏறும். அந்த வேகத்தில் எண்ணெய் நாக்கைத் தள்ளிக்கொண்டு காலிப்பருக்குள் போய்விடுகிறது. காலை எடுத்தபின் அதைத் திருப்பி அனுப்பும் விசை மிகச் சிறியது என்பதால், நாக்கு கதவைச் சாத்திக்கொள்ள, பேட் டிஸ்க்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வருகிறது.

இது எப்படி உரிந்தது என்பதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பட்டறையில் பேட் மாற்றியபோது, காலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிடாமல் ஹோஸிலேயே தொங்கவிட்டார்கள். எதிரே கோப்பி குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்த நான், அவர்கள் வேலையில் தலையிட வேண்டாம் என்று சும்மா இருந்துவிட்டேன். வயதும் சூடும்கூடக் காரணமாகலாம். இருந்தாலும் அன்றைக்கு வாய் திறந்திருக்கலாம்.

வலப்பக்க ஹோஸ் நன்றாக இருந்தும் இரண்டையும் மாற்றச் சொன்னேன். ஒரே வயதுடையவை, ஒன்று புதிது ஒன்று பழையது என்று விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. காலிப்பர் பக்கத்துச் செப்பு வாஷர்களையும் புதிதாகவே போட்டார்கள். பழைய வாஷர் ஒருமுறை நசுங்கியது, மறுபடி இறுக்கினால் கசியும். புது ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் ஒடித்தாலும் டயரில் உரசாமல் இருக்கிறதா என்று நானே குனிந்து பார்த்தேன். பழைய எண்ணெயை அடியோடு வடித்து, டாட் 4 தரத்துப் பிரேக் எண்ணெய் ஊற்றிக் காற்று எடுத்தார்கள். அது புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியசில்தான் கொதிக்க வேண்டும் என்பது தர வரையறை. ஈரத்தை உறிஞ்சியபின் அது 155 பாகை வரை இறங்கலாம். கேமரனிலிருந்து தாப்பாவுக்கு வளைந்து வளைந்து இறங்கும்போது மிதித்தபடியே வந்தால் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். கொதித்த எண்ணெயில் குமிழி கட்டினால் பிரேக் மிதி பஞ்சுபோல் உள்ளே போகும். ஆகவே இறக்கத்தில் கியரைத் தாழ்வில் போட்டு இறங்கு, மாப்பிள்ளையிடமும் சொல்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்துவிட்டு, கைப்பேசி வெளிச்சத்தில் சக்கரத்தின் பின்னால் பார். மாப்பிள்ளை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்கட்டும். ஹோஸ் எங்காவது உப்புகிறதா, ஈரம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மறுபக்கமும் பார்த்துவிடு. தாப்பாவுக்கு வந்ததும் வண்டியை நிறுத்தி, நான் செய்ததுபோல் நான்கு சக்கரங்களருகிலும் உள்ளங்கையைக் காட்டிப் பார். முன்சக்கரங்கள் பின்னவற்றைவிடச் சூடாக இருப்பது இயல்பு. முன்னிரண்டில் ஒன்று மட்டும் தனியாக அனலடித்தால், அங்கேயே நின்று எனக்குத் தொலைபேசியில் சொல்.

சாவி அம்மாவிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு வந்து எடுத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா