பூட்டியிருக்கும் அந்த ஒரு கதவு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலை விடுமுறை, நத்தார், புதுவருடம், அதன் பின் தைப்பொங்கல் என்று கொழும்பில் குடும்பங்கள் ஒன்றுகூடும் காலம் நெருங்குகிறது. சக்கர நாற்காலியில் இருந்தபடி இந்த விடுமுறையைக் கழிக்கும் ஒருவனாக, வணிகத் தொகுதிகளையும் உணவகங்களையும் நடத்துவோரிடமும், எம்போன்றோர் வாழும் குடும்பங்களிடமும் ஒரு வேண்டுகோளைத் தங்கள் பத்திரிகை வாயிலாக முன்வைக்க விரும்புகிறேன்.

பதினோராண்டுகளுக்கு முன் ஏணியிலிருந்து விழுந்ததில் என் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு அற்றுப்போனது. வெளியே செல்வதற்கு எனக்குள்ள பெரிய தடை படிக்கட்டு என்றே பலரும் எண்ணுகிறார்கள். படிக்கட்டும் தடைதான் என்றாலும் நாலு பேர் கைகொடுத்தால் அதைத் தாண்டிவிடலாம். கழிப்பறையை அப்படித் தாண்ட முடியாது. என்போன்ற பலருக்குச் சிறுநீர் தானாகப் பிரியாது. நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மெல்லிய குழாயைச் செலுத்தி நாமே அதை வெளியேற்ற வேண்டும். அதற்குச் சுத்தமான இடமும், கை கழுவத் தண்ணீரும், நாற்காலி நுழையக்கூடிய கதவும் அவசியம். என் நாற்காலியின் அகலம் 25 அங்குலம். நான் அளந்து பார்த்த பொதுக் கழிப்பறைக் கதவுகளில் பெரும்பாலானவை 24 அங்குலம். எங்கள் குடும்பம் எத்தனை மணித்தியாலம் வெளியே இருக்கலாம் என்பதை அந்த ஓர் அங்குலமே தீர்மானித்து வந்திருக்கிறது.

இதனால் வெளியே புறப்படும் நாட்களில் விடியற்காலையிலிருந்தே நான் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவேன். தண்ணீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்றும் கல்லும் ஏற்படும் என்று வைத்தியர் எச்சரித்ததை நன்கு அறிந்தே இதைச் செய்தேன். வழியில் வானை நிறுத்தி எல்லோரும் இஞ்சிப் பிளேன்ரீ குடிக்கும்போது எனக்கும் ஒரு கோப்பை நீளும். வேண்டாம் என்று தலையசைப்பேன். பல ஆண்டுகள் என் மனைவியைத் தவிர வேறெவரும் அதன் காரணத்தை அறிந்திருக்கவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், நத்தாருக்கு மறுநாள், கனடாவிலிருந்து வந்திருந்த மைத்துனர் குடும்பத்துடன் பதினொரு பேராக ஒரு வானில் புறப்பட்டோம். முதலில் நகரின் பெரிய வணிகத் தொகுதி ஒன்றுக்குச் சென்று, பிற்பகலில் காலி முகத்திடலில் பட்டம் விடுவதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். அந்தத் தொகுதியில் சக்கர நாற்காலிச் சின்னம் பொறித்த கழிப்பறை இருப்பதை முன்கூட்டியே விசாரித்து அறிந்திருந்ததால், பல ஆண்டுகளுக்குப் பின் அன்று நானும் எல்லோருடனும் தேநீர் குடித்தேன். கழிப்பறை இருந்தது, கதவில் நீல நிறச் சின்னமும் இருந்தது, அதற்குக் கீழே ஒரு பூட்டும் தொங்கியது. காவலர் பணிவான மனிதர். சாவி யாரிடம் என்று தேடி மேல்மாடிக்கும் கீழ்மாடிக்குமாக ஓடினார். இருபது நிமிடங்களுக்குப் பின் கதவு திறந்தபோது, உள்ளே தரை துடைக்கும் தும்புத்தடிகளும் வாளிகளும், முன்மண்டபத்து நத்தார் மரத்தின் அலங்காரங்கள் வந்திறங்கிய வெற்று அட்டைப்பெட்டிகளும் கூரை வரை அடுக்கியிருந்தன. அவற்றை அகற்றச் சற்று நேரம் தாருங்கள் என்று அவர் கேட்டார். என்னிடம் அந்த நேரம் இருக்கவில்லை. பட்டம் சுற்றிய தாளைக்கூடப் பிரிக்காமல் வெள்ளவத்தைக்குத் திரும்பினோம். வானுக்குள் எவரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஏழு வயதுப் பேரன் மட்டும் கடல் தெரியும் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தான்.

அந்தக் கதவைக் கட்டியவர்கள் சட்டத்துக்காகக் கட்டியிருக்கிறார்கள். பொதுமக்கள் செல்லக்கூடிய கட்டடத்தையோ இடத்தையோ மாற்றுத்திறனாளி ஒருவர் பயன்படுத்துவதை அவரது குறைபாட்டைக் காரணம் காட்டித் தடுக்கலாகாது என்று 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அணுகல் வசதிக்கான ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வெளியாயின. 2016 பெப்ரவரியில் இலங்கை ஏற்று உறுதிப்படுத்திய, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 30 ஆவது உறுப்புரை, பண்பாட்டு வாழ்விலும் ஓய்விலும் பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் பங்குகொள்வது எமது உரிமை என்று தெளிவாகக் கூறுகிறது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில், ஐந்தும் அதற்கு மேலுமான வயதினருள் 8.7 சதவீதமானோர் பார்த்தல், கேட்டல், நடத்தல் முதலியவற்றுள் ஏதேனும் ஒன்றில் சிரமம் உடையவர்களாகப் பதிவாகியுள்ளனர். இவர்களில் ஒருவரேனும் இல்லாத சுற்றம் நம்மிடையே அரிது. ஆனால் சட்டப்படி கட்டிய அறையைக் களஞ்சியமாக்கிப் பூட்டி வைத்தால், அது கட்டப்படாததற்குச் சமம். மனைவியும் மக்களும் சேர்ந்து என்னை எத்தனை படி வேண்டுமானாலும் தூக்கிவிடுவார்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் அவர்களாலும் ஒன்றும் செய்ய இயலாது.

குடும்பங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். "உங்களுக்குக் கஷ்டமாய் இருக்கும், நீங்கள் வீட்டில் ஆறுதலாய் இருங்கள், நாங்கள் கெதியாய் வந்துவிடுவோம்" என்று அன்போடு சொல்லப்படும் வார்த்தையை எம்மில் பலர் ஒவ்வொரு டிசெம்பரிலும் கேட்கிறோம். அதில் வஞ்சகம் எதுவும் இல்லை என்பதை நான் அறிவேன். எனினும் எது கஷ்டம், எது கஷ்டமில்லை என்பதை எங்களிடம் கேளாமலே தீர்மானித்துவிடுகிறார்கள். அன்று வீடு திரும்பிய இரவு, நான் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்பதை முதன்முறையாக எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். மகள் அழுதாள். மறுநாள் காலை அவள் ஒரு கொப்பியை எடுத்துவந்து, "அப்பா, எத்தனை மணிக்கு எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கோ, அதற்கேற்ற மாதிரி நாங்கள் இடத்தைப் பார்ப்போம்" என்றாள். அன்று முதல் எங்கள் வீட்டில் பயணத் திட்டம் கழிப்பறையிலிருந்தே தொடங்குகிறது. இதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

கடந்த ஆண்டு நத்தார் மதிய விருந்து கொட்டாஞ்சேனையில், மகளின் மாமனார் வீட்டில் நடந்தது. அவர்கள் வீட்டு வாசலில் மூன்று படிகள், மொத்தம் 18 அங்குல உயரம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் போட்டால் 18 அடி வேண்டும். அவர்களுடைய ஒழுங்கையிலோ அவ்வளவு இடம் கிடையாது. சம்பந்தி தச்சு வேலை தெரிந்தவர். ஒன்பதடிப் பலகைகள் இரண்டைப் பக்கம் பக்கமாக இணைத்து, சறுக்காமல் இருப்பதற்காக மேலே சாக்கைப் பரப்பி ஆணியடித்து, இரு ஓரங்களிலும் சக்கரம் விலகிப் போகாதபடி சட்டம் வைத்திருந்தார். சரிவு அதிகம்தான், மருமகன் பின்னாலிருந்து தள்ள, சம்பந்தி முன்னால் நின்று பிடித்துக்கொண்டார். தள்ளுவதற்கு முன், "சம்பந்தி, எங்கே பிடித்தால் நல்லது?" என்று கேட்டார். கைப்பிடிகள் கழன்று வருபவை என்பதை அறியாமல் அவற்றைப் பிடித்துத் தூக்கி, நாற்காலியோடு என்னை விழுத்தப் பார்த்தவர்கள் உண்டு. ஆகவே அந்த ஒரு கேள்வி எனக்குப் பெரிது. மண்டபங்களில் நாலு பேர் என்னைப் பல்லக்குப் போலத் தூக்கிச் செல்ல, விருந்தினர் அனைவரும் உண்பதை நிறுத்திவிட்டுப் பார்த்த நாட்களும் உண்டு. அன்று நான் சக்கரத்தில் உருண்டு உள்ளே போய், மேசையில் என் இடத்தில் அமர்ந்து, கேக்குக்கு முந்திரிப் பருப்பு அரிந்து கொடுத்தவன் என்ற உரிமையோடு முதல் துண்டையும் வாங்கிக்கொண்டேன்.

மேற்குக் கரையில் மழை ஓய்ந்து, கடல் அடங்கி, மாலைக் காற்று இதமாக வீசும் டிசெம்பரைவிட எமக்கு உகந்த காலம் கொழும்பில் இல்லை. ரொரன்ரோவில் பனி விழுந்தால் சக்கர நாற்காலியில் இருப்போர் வீட்டைவிட்டு இறங்குவதே பெரும்பாடு என்று மைத்துனர் சொன்னார். காலி முகத்திடலில் 1859 ஆம் ஆண்டின் ஒரு கல் நிற்கிறது. ஆளுநர் ஹென்றி வார்ட் அந்த நடைபாதையைக் கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் தமக்குப் பின் வருவோரின் பொறுப்பில் விட்டதாக அதில் பொறித்திருக்கிறது. ஈரப் புல்லில் என் நாற்காலியின் சிறிய முன்சக்கரங்கள் புதைந்துவிடும். கடலோர நடைபாதையில் தடையின்றி ஓடும். பேரன் பட்டம் விடும்போது நூற்கட்டையை என் மடியில் வைத்துக்கொள்ள அங்கே இடம் இருக்கிறது.

ஆகவே வணிகத் தொகுதிகள், உணவகங்கள், விழா மண்டபங்கள் ஆகியவற்றின் முகாமையாளர்களே, புதிதாக எதையும் கட்டுமாறு இந்தக் கடிதத்தில் நான் கேட்கவில்லை. உங்கள் கட்டடத்தில் அந்த நீலச் சின்னம் பொறித்த கதவு இருக்குமானால், நத்தார் அலங்காரப் பெட்டிகளை வேறிடத்தில் வையுங்கள். பூட்டத்தான் வேண்டும் என்றால், சாவியை அதே மாடியில் இருக்கும் காவலரிடம் கொடுத்து, அவர் பெயரைக் கதவில் எழுதி ஒட்டுங்கள். தொலைபேசியில் விசாரிப்பவருக்கு, கதவு இருக்கிறதா என்பதோடு அது திறந்திருக்கிறதா என்பதையும் நேரில் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.

இம்முறையும் 26 ஆம் திகதி புறப்பட இருக்கிறோம். மகளின் கொப்பியில் நேரங்கள் குறித்தாயிற்று; பேரனின் பட்டம் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. அன்று காலை இரண்டு குவளை தண்ணீர் குடித்துவிட்டே நான் வானில் ஏறுவேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர் ஒருவர்,
கொழும்பு 6.