கோடைப் பனிக்கு மாதம் பார்க்காதீர்கள், மணி பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு உங்கள் நாளிதழின் இணைப்பில் கோடைச் சுற்றுலா பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. ஏப்ரல், மே மாதங்களில் இமயமலையில் பனி உருகிப் பாதை திறந்துவிடும், சின்னப் பிள்ளைகள்கூட நடக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். மேலே ஒரு படம். இடுப்பளவு பனியில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டு நிற்கிறது. படம் எந்த மாதத்தில் எடுத்தது என்று போடவில்லை. என் பழைய மாணவி ஒருத்தி, இப்போது ஓசூரில் வேலை பார்க்கிறாள், அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “டீச்சர், ஆபீசில் 14 பேர் போறோம், நீங்களும் வாங்க” என்று கூப்பிட்டாள். அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அவளைப் போல இந்த வாரம் ரயில் டிக்கெட் போட்டுக்கொண்டிருப்பவர்கள் நம் பகுதியில் நிறையப் பேர் இருப்பார்கள்.

நான் 30 வருடத்துக்கு மேல் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வீடு கிருஷ்ணகிரி பழையபேட்டையில், கோட்டை மலை அடிவாரத்தில். 1984-இல் பச்சேந்திரி பால் எவரெஸ்ட் ஏறிய செய்தி வந்தபோது நான் பள்ளி மாணவி. அந்தப் படத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருந்தேன். பிறகு கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்து, அந்த வழியாக உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்தேன். சறுக்கி விழுந்தால் பனிக்கோடரியைக் குத்தி உடம்பை நிறுத்துவது எப்படி என்று அங்கே ஒரு நாள் முழுக்க விழ வைத்தே கற்றுக்கொடுத்தார்கள். ஊருக்கு வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கோட்டை மலைக்கும், சில சமயம் ராயக்கோட்டை மலைக்கும் கூட்டிப் போவேன். படிக்கட்டை விட்டு விலகினால் கையூன்றி ஏற வேண்டிய பாறைகள் இரண்டு இடத்திலும் உண்டு. அந்தப் பாறையில் பழகிய பிள்ளைகள்தான் இப்போது வடக்கே போகிறார்கள்.

போகட்டும், எனக்கும் ஆசைதான். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் அத்தனை இளம் உயிர்கள் போன பிறகு, தீப்பிடிக்கும் காலத்தில் நம் காட்டுப் பாதைகளை மூடி வைக்கிறார்கள். அது சரியான முடிவு. அதனால் கோடை விடுமுறை என்றாலே பிள்ளைகளின் கண் இமயமலைப் பக்கம் போகிறது.

ஆனால் நமக்குப் பனியைப் பற்றி எண்ணிப் பார்க்கச் சொல்லே குறைவு. ஓசூரில் டிசம்பர் காலையில் எதிரே வரும் லாரி தெரியாமல் மறைப்பதும் பனி, மாமரப் பூவில் இறங்குவதும் பனி, இமயமலையில் ஆள் உயரத்துக்குக் கிடப்பதும் பனி. ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். மாசி போனால் பனி போயிற்று, சித்திரை பிறந்தால் இளவேனில். மலையில் அந்தக் கணக்கு செல்லாது. குளிர்காலம் முழுக்க விழுந்து படிந்தது அங்கே சித்திரையில்தான் இளக ஆரம்பிக்கிறது. ஒரேயடியாக உருகிப் போய்விடுவதும் இல்லை. பகலில் மேல்பரப்பு உருகும், இரவில் அந்த நீர் திரும்ப உறையும், மறுநாள் மறுபடியும் உருகும். இப்படி உருகி உறைந்து உருகி, மாவு போல இருந்த பனி கல் உப்புப் பருமனுக்கு மணி மணியாக மாறிவிடும்.

அதனால் ஒரே சரிவு ஒரே நாளில் மூன்று குணம் காட்டும். விடியற்காலையில் கண்ணாடி. கேழ்வரகுக் களி ஆறினால் மேலே ஏடு கட்டுமே, அது இரும்பாக இறுகியிருந்தால் எப்படியோ அப்படி. ஷூவின் குதி பதியவே பதியாது. வெயில் பட்டு ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் மேலே ஒரு விரற்கடை இளகும். கால் பதியும், பிடிக்கும். நடக்க நல்ல நேரம் அதுதான். நண்பகலைத் தாண்டினால் உள்ளே வரை நீர் ஊறி, கால் வைத்த இடமெல்லாம் முழங்கால் வரை இறங்கும். அந்த நேரத்தில் பனி அடுக்கே பாரம் தாங்காமல் மொத்தமாக நழுவக்கூடும். காலையில் தாண்டி வந்த ஓடை, மேலே உருகிய நீரெல்லாம் சேர்ந்து மாலையில் இரண்டு மடங்காக ஓடும். மேகம் மூடிய இரவு என்றால் நிலைமை இன்னும் மோசம். தரையின் சூடு மேலே போக முடியாமல் பனி சரியாக உறையாது, காலை 6 மணிக்கே மதியத்துப் பனிதான் இருக்கும். அதனால்தான் ஓசூர் மாணவியிடம் சொன்னேன்: “எந்த மாசம்னு கேக்காத கண்ணு. எத்தனை மணிக்குக் கிளம்புவாங்க, எத்தனை மணிக்குத் திரும்புவாங்கன்னு கேளு.”

இதை நான் ஏட்டறிவாகச் சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஏப்ரல் முதல் வாரத்தில் என் பழைய மாணவர்கள் ஏழு பேருடன் உத்தராகண்டில் சோப்டா போயிருந்தேன். அங்கிருந்து துங்கநாத் கோயிலுக்கு சுமார் 4 கிலோமீட்டர், கல் பாவிய பாதை. கோயில் இருப்பது ஏறத்தாழ 3,680 மீட்டர் உயரத்தில். அதற்கும் மேலே சந்திரசிலா உச்சி. குளிர்காலத்தில் சுவாமியைக் கீழே மக்குமட் கிராமத்துக்குக் கொண்டு வந்துவிடுவதால் கோயில் நடை அப்போது சாத்தியிருந்தது. வழியில் கடைகளும் மூடிக் கிடந்தன. கீழே காடெல்லாம் புரான்ஸ் பூ சிவப்பாகப் பூத்திருந்தது. அந்தப் பூவைப் பார்த்துவிட்டு, மேலே ஆபத்து இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

காலை 6 மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. எங்களை அழைத்துப் போன ஏற்பாட்டாளர் இன்னொரு குழுவையும் சேர்த்துக்கொள்ளக் காத்திருந்தார். பிறகு டிபன். கிளம்பும்போது மணி 9.40. நேரமாகிவிட்டது, நாளைக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். நாளை இரவு ஹரித்துவாரில் ரயில் டீச்சர் என்றார்கள். நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. இன்று வரை என் மனதை அறுப்பது அதுதான்.

ஷூவில் மாட்டும் இரும்புப் பல் சங்கிலி, மைக்ரோ ஸ்பைக்ஸ் என்பார்கள், 12 பேருக்கு ஐந்து ஜோடிதான் கொண்டு வந்திருந்தார். முடிந்தவரை ஆளுக்கு ஒரு காலில் மாட்டிக்கொள்ளுங்கள் என்றார். கோயிலுக்குக் கீழே கடைசி வளைவுகளில் பாதையே தெரியவில்லை. இதைப் போகாதவர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். மலைச் சரிவை வெட்டித்தான் பாதை போடுகிறார்கள். அந்த வெட்டைப் பனி நிரப்பிவிட்டால் தட்டையான பாதை மறைந்து, பழையபடி மலையின் சரிவு வந்துவிடுகிறது. பாதையில் நடக்கிறோம் என்ற நினைப்பில் சரிவில் நடப்போம். அங்கே சறுக்கினால் கீழே பாறை வரை பிடிமானம் எதுவும் கிடையாது.

சந்திரசிலாவைத் தொட்டபோது மதியம் இரண்டு. திரும்பி இறங்கும்போது முன்னால் போன வேறொரு குழுவினர் உட்கார்ந்தபடியே பனியில் சறுக்கி இறங்கினார்கள். எங்கள் பையன் ஒருவன், 23 வயது, கோட்டை மலையில் பூனை மாதிரி ஏறுவான், அவனும் உட்கார்ந்து சறுக்கினான். வலது காலில் ஸ்பைக்ஸ் மாட்டியிருந்தது. பல் பனியில் மாட்டிக்கொண்டது, உடம்பு மட்டும் முன்னால் போயிற்று. கணுக்காலில் இரண்டு எலும்பு முறிந்தது. அவன் கத்திய சத்தம் எதிர்ச் சரிவில் பட்டுத் திரும்பி வந்தது.

அவனைத் தூக்கி வரும்போதுதான் மதியத்துப் பனி என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரிந்தது. இரண்டு அடிக்கு ஒரு முறை யாராவது தொடை வரை இறங்கினார்கள். பாறை ஓரமாகப் போனால் கெட்டியாக இருக்கும் என்று ஒருவன் ஒதுங்கி, பாறைக்கும் பனிக்கும் நடுவே இருந்த பள்ளத்தில் இடுப்பு வரை போனான். பாறை வெயிலில் சூடேறித் தன்னைச் சுற்றியிருக்கும் பனியை உள்ளுக்குள்ளேயே உருக்கி வைத்திருக்கும், மேலே மெல்லிய மூடி மட்டும் இருக்கும். உள்ளூர்ப் பையன்கள் நாலு பேர் வந்து முதுகில் மாற்றி மாற்றிச் சுமக்கவில்லை என்றால் அன்று இருட்டுக்கு முன் சோப்டா சேர்ந்திருக்க மாட்டோம். காலையில் இரண்டு மணி நேரத்தில் இறங்கும் வழிக்கு ஐந்து மணி நேரம் ஆயிற்று. அன்று இரவு இன்னும் இரண்டு பேருக்குக் கண்ணில் மணல் கொட்டின மாதிரி எரிச்சல், தண்ணீராக ஊற்றியது. கறுப்புக் கண்ணாடி போடாததால் வந்தது. புதுப் பனி, சூரியனின் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். நம் ஊர் வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டால் போதும், அங்கே வெயில் கீழேயிருந்தும் வருகிறது. என் தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்துக்குள்ளும் தோல் உரிந்தது.

கோட்டை மலையில் நான் சொல்லிக்கொடுத்ததில் ஒன்று பனிக்கும் பொருந்தும். பயந்து மலையோடு ஒட்டிச் சாயாதே, பாதத்தின் மேல் நிமிர்ந்து நில். மற்றதெல்லாம் மாற்றிப் படிக்க வேண்டும். நம் கருங்கல் பாறை காலையில் எப்படியோ மாலையிலும் அப்படியே, ரப்பர் அடி போட்ட ஷூவை அது பிடித்துக்கொள்ளும். அந்த நம்பிக்கையை அப்படியே பனிக்குக் கொண்டு போனதுதான் எங்கள் பையன்கள் செய்த தவறு. பனியில் ஒவ்வொரு அடிக்கும் ஷூ நுனியால் உதைத்துப் படி செய்துகொள்ள வேண்டும், முன்னால் போனவர் செய்த படியிலேயே பின்னால் வருபவர் வைக்க வேண்டும். கணுக்கால் வரை இறங்கினால் நடக்கலாம். கெண்டைக்கால் வரை இறங்க ஆரம்பித்தால் உச்சி கண்ணுக்கு எதிரில் இருந்தாலும் திரும்ப வேண்டும். சரிவில் சின்னச் சின்னப் பனி உருண்டைகள் தானாக உருண்டு வந்தால் அந்தச் சரிவுக்குக் கீழே நிற்கவே கூடாது. பனிக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால், நிற்பது ஓடையின் மேல் கட்டிய பனிப் பாலத்தில். அப்போது ஒருவர் ஒருவராக, பையின் இடுப்பு வாரைக் கழற்றிவிட்டுத் தாண்டுங்கள், அதுவும் காலையில் மட்டும். உட்கார்ந்து சறுக்குவதாக இருந்தால் காலில் இரும்புப் பல் இருக்கக் கூடாது, சரிவின் முடிவு கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஜூன் வந்துவிட்டால் பயமில்லை என்றும் சிலர் சொல்கிறார்கள். 2024 ஜூன் முதல் வாரத்தில் உத்தராகண்டின் சகஸ்திர தால் பாதையில் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து போனவர்கள் இருந்த 22 பேர் குழு பனிப்புயலில் சிக்கி, 9 பேர் இறந்தார்கள். ஓசூரில் இருப்பவர்களுக்கு அது வேற்றூர்ச் செய்தி ஆகாது, பெங்களூர் நமக்கு அடுத்த தெரு.

ஆசிரியர் அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். மலைச் சுற்றுலா பற்றி எழுதும்போது, எழுதியவர் எந்த வாரம் போனார், பனி எந்த உயரத்தில் தொடங்கியது, எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கினார் என்று இரண்டு வரி சேருங்கள். படத்துக்கு மாதம் போடுங்கள். பாதுகாப்புத் துறையின் கீழ் சண்டிகரில் இயங்கும் டி.ஜி.ஆர்.இ. நிறுவனம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பற்றியும் சொல்லுங்கள். நம் ஊர்க்காரர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

நம் பகுதியில் ஆள் சேர்த்துக் கூட்டிப் போகிறவர்களுக்கும் சொல்கிறேன். திட்டத்தில் ஒரு நாளைச் சும்மா விட்டு வையுங்கள். இரவு மேகம் மூடினாலோ கிளம்ப நேரமானாலோ, மறுநாள் காலை போகலாம் என்று சொல்ல இடம் இருக்கட்டும். ரயில் டிக்கெட்டுக்காகப் பனி காத்திருக்காது. ஆளுக்கு ஒரு ஜோடி ஸ்பைக்ஸ் இல்லாமல் யாரையும் பனியில் ஏற்றாதீர்கள். அதற்கு ஆகும் வாடகையைப் பிள்ளைகளிடமே கேளுங்கள், கொடுப்பார்கள்.

அந்தப் பையன் காலில் தகடு வைத்து, ஆறு மாதம் கழித்து நடக்க ஆரம்பித்தான். போன மாதம் கோட்டை மலையில் பாதி வரை என்னோடு ஏறினான், இறங்கும்போது மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டான். ஓசூர் மாணவியிடம் இதெல்லாம் சொல்லிவிட்டு, 14 பேருக்கும் 14 ஜோடி இருக்கிறதா, எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள் என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டுச் சொல்லச் சொன்னேன். கேட்டுச் சொல்கிறேன் டீச்சர் என்றாள். நாலு நாள் ஆயிற்று, இன்னும் அவளுக்கு அவர்கள் பதில் சொல்லவில்லையாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி.