எடித் ஸ்டெயினைப் பற்றி ஆகஸ்ட் 9 அன்று பேசவிருப்போருக்கு ஒரு திறந்த மடல்

மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும், மறையுரை ஆயத்தம் செய்யும் அருட்தந்தையர்க்கும், பங்கு இதழ்களில் புனிதர் வரலாறு எழுதுவோருக்கும் வணக்கம்.

சிலுவையின் புனித தெரேசா பெனடிக்டா என்ற துறவறப் பெயர் கொண்ட எடித் ஸ்டெயினின் திருநாள் வரும்போதெல்லாம் நம்மிடையே சொல்லப்படும் கதைக்கு ஏறக்குறைய ஒரே வடிவம்தான் உண்டு. யூதக் குடும்பத்தில் பிறந்த எடித் ஸ்டெயின் கடவுள் நம்பிக்கையை இழக்கிறார். மெய்யியல் படித்து அறிவுச் செருக்கில் அலைகிறார். 1921 கோடையில் நண்பர் வீட்டில் அவிலா நகர்ப் புனித தெரேசாவின் தன்வரலாற்றை ஒரே இரவில் படித்து முடித்து, 'இதுவே உண்மை' என்று புத்தகத்தை மூடுகிறார். அதன்பின் கார்மேல் துறவு மடம், அதன்பின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாம். 'இதுவே உண்மை' என்ற அந்த இரண்டு சொற்கள் அவருடைய எழுத்தில் உள்ளவை அல்ல. மடத்தில் அவருக்குத் தலைவியாய் இருந்தவர் பின்னாளில் எழுதிய வரலாற்றின் வழியே நமக்கு வந்தவை. அதைக்கூட விட்டுவிடலாம். அவருடைய சிந்தனை வாழ்வை, புனிதராவதற்காக அவர் உதறிவிட்டு வந்த மயக்கமாகக் காட்டுகிறோமே, அதைப் பற்றியே என் முறையீடு.

1891-இல் அன்றைய ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில், பெரிய குடும்பத்தின் கடைக்குட்டியாகப் பிறந்தவர் அவர். இரண்டு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய் அவுகுஸ்தே மரவணிகத்தைத் தாமே ஏற்று நடத்திப் பிள்ளைகளை ஆளாக்கினார். 1913-இல் மெய்யியல் பேராசிரியர் எட்மண்ட் ஹுஸ்ஸர்லிடம் கற்பதற்காகவே எடித் கோட்டிங்கென் பல்கலைக்கழகம் சென்றார்; முதல் உலகப் போர் வந்தபோது படிப்பை நிறுத்திவிட்டுச் செஞ்சிலுவைச் செவிலியாகத் தொற்றுநோய் மருத்துவமனையில் பணியாற்றினார்; 1916-இல் ஃப்ரைபர்க்கில் மிக உயர்ந்த தகுதியுடன் முனைவர் பட்டம் பெற்றார்.

அந்த ஆய்வேட்டின் பொருள் ஒத்துணர்வு. நண்பர் ஒருவர் வந்து தம் சகோதரர் இறந்துவிட்டதாகச் சொல்கிறார். அவருடைய துயரத்தை நான் அறிகிறேன். இந்த அறிதல் எத்தகையது என்று கேட்டுத்தான் எடித் தொடங்குகிறார். அந்தத் துயரம் என்னுடையதன்று, ஆயினும் அது வெறும் ஊகமும் அன்று. கழைக்கூத்தாடியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் உள்ளத்தளவில் அவரோடு ஒன்றாகிவிடுகிறார் என்று ஜெர்மன் மெய்யியலாளர் தியோடர் லிப்ஸ் எழுதியிருந்தார். எடித் அதை மறுக்கிறார்: பார்ப்பவர் கூத்தாடியின் அருகே நிற்கிறார், அவ்வளவுதான், அவராகவே மாறிவிடுவதில்லை. பிறர் துயரை விழுங்கித் தனதாக்கிக்கொள்ளாமல், அது அவருடையது என்ற மதிப்போடு அதன் அருகில் நிற்பது என்ற இந்த எண்ணத்தை, பிறரன்பைக் கற்பிக்கும் நம் வகுப்புகளில் ஒருமுறையேனும் எடுத்துச் சொன்னால் எவ்வளவு பொருத்தமாயிருக்கும்! பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது புரியாது என்று எனக்குத் தோன்றவில்லை.

பிறகு அவர் ஹுஸ்ஸர்லின் உதவியாளரானார். ஆசிரியர் சுருக்கெழுத்தில் எழுதிக் குவித்திருந்த தாள்களை ஒழுங்குபடுத்தி நூல் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அவ்வாறு எடித் செப்பனிட்ட, காலவுணர்வு பற்றிய ஹுஸ்ஸர்லின் விரிவுரைகள் 1928-இல் மெய்யியலாளர் மார்ட்டின் ஹைடெக்கரின் பெயரைப் பதிப்பாசிரியராகத் தாங்கி வெளிவந்தன. விரிவுரையாளராகும் தகுதி கேட்டுக் கோட்டிங்கெனில் விண்ணப்பித்தபோது, பெண் என்பதால் மறுக்கப்பட்டார். அவர் அழுதுவிட்டுப் போய்விடவில்லை. பிரஷ்ய அரசின் கல்வி அமைச்சகத்துக்கு முறையிட்டார். பெண்ணாயிருப்பது இத்தகுதிக்குத் தடையாகாது என்று 1920 பிப்ரவரியில் அமைச்சகம் ஆணை வெளியிட்டது. அவருக்கு அப்பதவி கிடைக்கவில்லை என்றாலும் அடுத்து வந்த பெண்களுக்கு வழி திறந்தது. நம் பங்கு இதழ்களில் இந்தச் செய்தியை நான் படித்ததே இல்லை.

1922 சனவரி முதல் நாள் திருமுழுக்குப் பெற்றபின் அவர் மெய்யியலைக் கைவிட்டாரா? ஸ்பேயர் நகரில் தொமினிக்கன் சகோதரிகளின் பள்ளியில் கற்பித்துக்கொண்டே, புனித தாமஸ் அக்குவினாஸ் உண்மையைப் பற்றி எழுதிய பெருநூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அறிவுப் பணியையே இறைவழிபாடாகச் செய்ய முடியும் என்பதை அக்குவினாஸிடமிருந்துதான் கற்றதாக அவரே கடிதமொன்றில் குறிப்பிட்டிருக்கிறார். கொலோன் கார்மேல் மடத்தில் இருந்தபோது, அவருடைய மேலாளர்களின் விருப்பத்தோடுதான், முடிவுள்ள இருப்பையும் முடிவிலா இருப்பையும் பற்றிய தம் பெரிய நூலை 1936-இல் முடித்தார். ஆசிரியர் யூதர் என்பதால் நாசி ஆட்சியில் அச்சேறாத அந்நூல், அவர் இறந்து எட்டாண்டுகள் கழித்து 1950-இல் வெளிவந்தது.

1933-இல் அவர் திருத்தந்தை பதினோராம் பயஸுக்கு எழுதிய கடிதத்துக்கு வருகிறேன். யூத மக்களின் மகளாகவும், பதினோரு ஆண்டுகளாகக் கத்தோலிக்கத் திருச்சபையின் மகளாகவும் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு, கிறிஸ்துவின் பெயரால் நடக்கும் கொடுமைகளுக்கு எதிராகத் திருச்சபை குரலெழுப்ப வேண்டுமென்று கேட்கிறார். மௌனம் காப்போருக்கும் இதில் பொறுப்பு உண்டு என்கிறார். வத்திக்கான் ஆவணக் காப்பகத்திலிருந்து 2003-இல்தான் அக்கடிதம் வெளியுலகுக்கு வந்தது. ஆகவே முந்தைய கையேடுகளில் அது இல்லாததற்கு யாரையும் குறைகூற முடியாது. இப்போது எழுதப்படுபவற்றிலும் இல்லாததற்குத்தான் காரணம் தெரியவில்லை.

முடிவைச் சொல்லும்போதும் கவனம் வேண்டும். யூதர்கள் நாடு கடத்தப்படுவதைக் கண்டித்த நெதர்லாந்து ஆயர்களின் மடல் 1942 சூலை 26 அன்று ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. அதற்குப் பழிவாங்கும் வகையில் ஆகஸ்ட் 2 அன்று கத்தோலிக்கரான யூதர்கள் கைது செய்யப்பட்டனர். அப்போது அவர் வாழ்ந்துவந்த நெதர்லாந்தின் எக்ட் கார்மேல் மடத்திலிருந்து எடித்தும் அவருடைய அக்காள் ரோசாவும் கொண்டுசெல்லப்பட்டனர். வெஸ்டர்போர்க் முகாமில், துயரத்தில் உறைந்துபோன தாய்மார் கவனிக்க இயலாது விட்ட குழந்தைகளை அவர் குளிப்பாட்டித் தலை வாரிவிட்டதைக் கண்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆகஸ்ட் 9 அன்று ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். அவரை மறைச்சாட்சியாக அறிவித்தபோது, அவர் கொல்லப்பட்டது யூதர் என்பதற்காகவே என்று யூதர்கள் பலர் வருந்தி எதிர்ப்புத் தெரிவித்தனர். அந்த எதிர்ப்பை மறைத்துவிட்டு அவர் புகழைப் பாடுவது, திருமுழுக்குக்குப் பின்னும் தாயோடு தொழுகைக்கூடத்துக்குச் சென்றுவந்த அந்த மகளுக்கு நாம் செய்யும் நியாயமாகாது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை சிறியவைதாம்: திருநாள் வகுப்பை 1921-இன் அந்த இரவிலிருந்து தொடங்காமல், துயரச் செய்தியோடு வந்த அந்த நண்பரிலிருந்து தொடங்குங்கள்; மூத்த மாணவர்களுக்கு 1933-இன் கடிதத்தை முழுமையாக வாசித்துக் காட்டுங்கள்; அவர்கள் எழுப்பும் கேள்விகளுக்கு அன்றே விடை சொல்ல முடியாவிட்டால், அடுத்த ஞாயிறு வகுப்பையும் அதற்கே ஒதுக்குங்கள்.

இங்ஙனம்,
பங்கு இதழ் வாசகர் ஒருவர்