முந்துவதற்கு முன்பே கியரை இறக்கு: டர்போ கார் வாங்கிய தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

ஃபோனில் நீ கேட்டதற்கு அவசரமாக ஏதோ சொல்லி வைத்தேன். அது போதாது. பஸ்ஸுக்குப் பின்னால் 50 கிலோமீட்டர் வேகத்தில், ஐந்தாவது கியரில் போய்க்கொண்டிருந்தாய். எதிரே சாலை காலி. ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தும் வண்டி கொஞ்ச நேரம் முனகிவிட்டு, அப்புறம்தான் பாய்ந்தது என்றாய். உன் டைகுன் காரில் கோளாறு எதுவும் இல்லை, கியர்தான் தப்பு. ஆனால் இருவழிச் சாலையில் அந்தக் கொஞ்ச நேரம் உயிர் சம்பந்தப்பட்டது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உன் வண்டியில் இருப்பது 999 சிசி, மூன்று சிலிண்டர் என்ஜின். டர்போ சுழன்றால்தான் அதற்குப் பெரிய என்ஜினின் பலம் வரும். டர்போவைச் சுழற்றுவதோ அந்த என்ஜினே வெளியே தள்ளும் புகை. 1500 ஆர்பிஎம்முக்கு, அதாவது என்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குக் கீழே புகையின் வேகம் குறைவு. நீ மிதித்த பிறகு புகை பெருகி, டர்போவின் சக்கரமான டர்பைன் வேகமெடுத்து, காற்றை அழுத்தி உள்ளே அனுப்ப வேண்டும். அதுவரை நீ ஓட்டுவது வெறும் ஒரு லிட்டர் கார். 3000-த்தில் இருக்கும்போது மிதித்தால் இந்தக் காத்திருப்பு பெரும்பாலும் தெரியாது.

"1750-லேயே முழு டார்க் வந்துவிடும் என்று ஷோரூமில் சொன்னார்களே" என்பாய். டார்க் என்பது என்ஜினின் திருகு விசை. உண்மைதான். 1750 முதல் 4500 வரை 178 நியூட்டன் மீட்டர் என்று கம்பெனியே சொல்கிறது. ஆனால் அதே 178-ஐ வைத்து பவரைக் கணக்குப் போட்டுப் பார். 1750-ல் சுமார் 44 பிஎஸ், அதாவது 44 குதிரைத்திறன்தான் வருகிறது, 4500-ல் 114 பிஎஸ். ஒரே வேகத்தில் போகும்போது எந்த கியரில் பவர் அதிகமோ அந்த கியரில்தான் சக்கரத்துக்கு இழுவையும் அதிகம். டார்க் கோடு நேராக இருக்கிறது என்பதற்காக மேல் கியரிலேயே உட்கார்ந்திருந்தால், வாங்கிய குதிரையில் பாதிக்கு மேல் லாயத்திலேயே கிடக்கும்.

உனக்கு இந்தப் பழக்கம் அப்பாவின் டீசல் ஸ்விஃப்டிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். அந்த 1.3 லிட்டர் என்ஜினுக்கு 2000-த்தில் 190 நியூட்டன் மீட்டர், 4000-த்தில் 75 பிஎஸ், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. சீக்கிரம் கியர் மாற்றுவதுதான் அதற்குச் சரி. உன் பெட்ரோலுக்கு 5000-க்கு மேலும் மூச்சு இருக்கிறது. 4000-த்தில் சத்தம் கேட்டதும் பயந்து கியரை ஏற்றிவிடாதே.

சரி, எந்த கியர்? இறக்கிய பிறகு ஆர்பிஎம் 2500-க்கும் 3500-க்கும் நடுவில் நிற்க வேண்டும். பஸ்ஸுக்குப் பின்னால் 50-ல் போகும்போது அது மூன்றாவது கியராகத்தான் இருக்கும். இரண்டில் இன்னும் வேகமாகப் பாயும், ஆனால் பாதி முந்தும்போதே மறுபடி கியர் மாற்ற வேண்டி வரும். அந்த நேரத்தில் இழுவை அறுந்துபோவது நல்லதல்ல. ஒரு ஞாயிறு காலை காலியான சாலையில் 40, 60, 80 என்று ஒவ்வொரு வேகத்திலும் எந்த கியரில் எவ்வளவு ஆர்பிஎம் வருகிறது என்று பார்த்து மனப்பாடம் செய்துகொள். முந்தும்போது மீட்டரைப் பார்க்க நேரம் இருக்காது.

ஐந்திலிருந்து நேராக மூன்றுக்குப் போகலாம், நான்கைத் தொட வேண்டியதில்லை. நியூட்ரலுக்கு இழுத்துக் கையைத் தளர்த்து, ஸ்பிரிங் கியர் ராடைத் தானாக 3-4 வரிசைக்குக் கொண்டுவந்துவிடும். அங்கிருந்து நேராக மேலே தள்ளு. இடது பக்கம் அழுத்தித் தள்ளினால் ஒன்றில் விழுந்துவிடலாம். அந்த வேகத்தில் அப்படி விழுந்து கிளட்சையும் விட்டால் சக்கரமே என்ஜினைத் தாறுமாறாகச் சுழற்றும். என்ஜின் வேகத்துக்கு வரம்பு வைக்கும் ரெவ் லிமிட்டர் அதைத் தடுக்காது. கிளட்சை விடுவதற்கு முன் ஆக்சிலேட்டரை லேசாக ஒரு தட்டு தட்டினால் குலுங்காது. இதையெல்லாம் பஸ்ஸுக்குப் பின்னால் இருக்கும்போதே முடித்துவிடு. வெளியே எட்டிய பிறகு மிதிப்பது மட்டும்தான் வேலை.

கியரை ஏற்றச் சொல்லி மீட்டரில் வரும் குறி பெட்ரோலை மிச்சப்படுத்தத்தான். சமதளத்தில் நிதானமாகப் போகும்போது அதைக் கேள், மைலேஜ் கிடைக்கும். முந்தும்போதும் மலையிலும் கேட்காதே. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு முன்பே இரண்டில் போட்டுவிடு.

இன்னொன்று. குறைந்த ஆர்பிஎம்மில், மேல் கியரில், முழுசாக மிதிப்பது இழுவைக் குறைவோடு நிற்கும் விஷயமல்ல. இந்த மாதிரி சின்ன டர்போ பெட்ரோல் என்ஜின்களில் ஸ்பார்க் வருவதற்கு முன்பே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும் ஆபத்து அந்த நிலையில்தான் அதிகம். கடுமையாக நடந்தால் பிஸ்டனே உடையும். ஆயிலுக்கும் இதில் பங்கு உண்டு. அதனால்தான் 2018-லும் 2020-லும் வந்த ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) ஆயில் தரங்களில் இதற்கென்றே சோதனை சேர்த்தார்கள். சர்வீஸில் மேனுவலில் சொன்ன தரத்து ஆயில்தானா என்று கேட்டு, பில்லிலும் பார்த்துக்கொள்.

பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது வண்டியிலேயே வா. ஆறாவது கியரை எப்போது போடுவது என்று கேட்டிருந்தாயே, அதை ஓட்டிக்கொண்டே பேசலாம்.

அன்புடன்,
அண்ணன்