ஃபோர்க் ஆயிலை அளந்து ஊற்றுங்கள், அண்ணே!

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்து டூவீலர் மெக்கானிக் அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். நான் மருந்துக் கடைகளுக்குச் சரக்கு போடுகிறவன். காட்பாடியில் ஏற்றினால் லத்தேரி, கே.வி.குப்பம் வழியாகக் குடியாத்தம் வரை போவேன். பின் சீட்டில் கட்டிய பெட்டியில் பாதி கண்ணாடிக் குப்பி. வண்டி குதித்தால் என் முதுகுக்கு முன்னால் அதுதான் போகும். அதனால் ஷாக் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு.

எட்டு மாதத்தில் மூன்று முறை முன் ஷாக்குக்கு, அதாவது ஃபோர்க்குக்கு, ஆயில் சீல் (உள்ளே இருக்கும் ஆயில் வெளியே கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றினேன். முதல் இரண்டும் ஒழுகியபோது "டூப்ளிகேட் சீல் சார்" என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாம் முறை டீ கிளாஸோடு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பழைய ஆயில் கறுப்பாக, நாற்றத்தோடு வந்தது. புது ஆயில் ஒரு சோடா பாட்டிலிலிருந்து கண் மதிப்பில் இறங்கியது. இடது பக்கம் கொஞ்சம். வலது பக்கம், "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்."

அந்த 'இருக்கட்டும்' செய்கிற வேலையைப் பாருங்கள். ஷாக் குழாய்க்குள் ஆயிலுக்கு மேலே நிற்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங் மாதிரிதான். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து அழுத்தினால் முதலில் சுலபமாக இறங்கும், கடைசியில் கல்லாக நிற்கும் இல்லையா? ஆயில் கூடினால் காற்றுக்கு இடம் குறைகிறது. பள்ளத்தில் இறங்கும்போது உள்ளே அழுத்தம் எகிறி, சீல் தாங்காமல் கசிகிறது. ஆயில் குறைந்தாலோ ஷாக் அடிவரை போய் 'டங்' என்று இடிக்கும்.

"வேலூர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நிற்கும்" என்று சிலர் மிச்சமிருக்கும் எஞ்சின் ஆயிலையே ஊற்றுகிறார்கள். வெயிலில் ஆயில் இளகும், உண்மைதான். ஆனால் உள்ளே இருக்கும் சிறு துளைகள் ஒரு குறிப்பிட்ட பதத்துக்காகப் போட்டவை. அதைவிடக் கெட்டியானது வேகமாகப் புக முடியாமல் திணறும். அந்த அடி நேராக மணிக்கட்டில் விழும். வண்டிக் கையேட்டில் எந்த ஆயில், எத்தனை மில்லி என்று போட்டிருக்கும். அதைப் பார்த்தால் போதும்.

சரி, என் வண்டிக்கு வருகிறேன். குழாயைத் துடைத்துவிட்டு நகத்தால் மேலிருந்து கீழே இழுத்தேன். ஒரு இடத்தில் நகம் மாட்டியது. குரோம் பூச்சில் துருப் புள்ளி! அதன்மேல் எந்தக் கம்பெனி சீல் போட்டாலும் கிழியத்தான் செய்யும். இதைப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. சீல் மாற்றும்போதெல்லாம் செய்யுங்கள். குழாயை மாற்ற வேண்டுமென்றால் வெளிப்படையாகச் சொல்லுங்கள், காசு கொடுப்போம். கசிந்த ஆயில் டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

பின் ஷாக் பற்றி ஒன்றுதான். ஸ்பிரிங்கை அழுத்தி வைக்கும் படியைக் கடைசிக்குத் திருகி "ஹார்டு ஆக்கிட்டேன்" என்று அனுப்பாதீர்கள். அதில் ஸ்பிரிங் கெட்டியாவதில்லை, வண்டி உயரம்தான் ஏறுகிறது. பெட்டி இருக்கும்போது சரி. காலியாகத் திரும்பும்போது தூக்கித் தூக்கிப் போடுகிறது. உயரமான ஷாக் கேட்டு வரும் கல்லூரிப் பையன்களிடமும், ஹேண்டில் முன்புபோல் நிதானமாக நிற்காது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போடுங்கள்.

தப்பு எங்கள் பக்கமும் இருக்கிறது. "எவ்வளவு ஆகும், எப்போ கிடைக்கும்" என்பதைத் தாண்டி நாங்கள் கேட்பதில்லை. ஷாக் ஆயில் என்று ஒன்று இருப்பதே, அது தரையில் சொட்டும்போதுதான் பலருக்குத் தெரிகிறது.

மில்லி கோடு போட்ட அளவுக் குவளை இல்லை என்பதுதான் தடை என்றால், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். என் வழியில் இருக்கும் கடை என்றால் சொல்லுங்கள், அடுத்த சரக்கோடு கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
காட்பாடியிலிருந்து ஒரு மருந்து டெலிவரிக்காரன்