புது வீட்டுக்குப் பழைய தட்டுகள்: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புத் தங்கைக்கு,

சாப்பாட்டு மேசைக்குப் பழைய பீங்கான் வாங்க ஆசை, முழு செட்டாகத் தேடட்டுமா என்று கேட்டிருந்தாய். செட் வேண்டாம்மா. ஒவ்வொன்றாகச் சேர். முழு செட் என்றால், ஒன்று உடைந்தால் போச்சே என்ற பயத்தில் அது அலமாரியை விட்டு இறங்கவே இறங்காது. உதிரித் தட்டுகளைக் கை தயங்காமல் தினமும் எடுக்கும். தினம் புழங்கும் பொருளால்தான் ஒரு வீடு நம் வீடாகத் தெரிகிறது என்பது என் நம்பிக்கை.

உதிரி என்றாலும் ஒரு பொது இழை வேண்டும். நீலம்-வெள்ளையில் தொடங்கு. பாலமும் மரமும் இரண்டு பறவைகளும் உள்ள வில்லோ சித்திரம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் உருவானது. அதற்குப் பிறகு எத்தனையோ ஆலைகள் அதைச் செய்திருக்கின்றன. ஒவ்வொன்றின் நீலமும் கொஞ்சம் மாறும், ஆனாலும் பக்கத்தில் வைத்தால் சேர்ந்துவிடும்.

தட்டைக் கையில் எடுத்ததும் ஓரத்துப் பூவேலையைச் சுற்றிப் பார். செப்புத் தகட்டில் செதுக்கி, மெல்லிய தாளில் அச்செடுத்து, அந்தத் தாளைத் தட்டின்மேல் அழுத்தித்தான் அப்போது படம் பதித்தார்கள். தாளின் இரு முனைகள் சேரும் இடத்தில் கொடி லேசாக விலகியிருக்கும். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது. முகம் தெரியாத ஒரு தொழிலாளியின் விரல் அங்கே நின்று போயிருக்கிறது.

அப்புறம் தட்டைத் திருப்பு. அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் தயாரான நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890இல் சட்டம் வந்தது. அதனால் முத்திரையில் 'இங்கிலாந்து' என்று இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. பெயர் இல்லை என்பதற்காக மட்டும் பழையது என்று நம்பிவிடாதே.

விரலால் சுண்டிப் பார். மணிபோல ஒலித்தால் சரி, மந்தமாகக் கேட்டால் எங்கோ விரிசல் இருக்கலாம். விளிம்பில் சின்ன சில்லு போயிருந்தால் நான் பொறுத்துக்கொள்வேன். மேற்பூச்சில் வலைபோல வெடிப்பு ஓடியிருந்தால் சாப்பிட வேண்டாம், சுவரில் மாட்டு. பழைய பூச்சிலும் நிறங்களிலும் ஈயம் இருக்கலாம், புளிப்பும் சூடும் அதை வெளியே இழுக்கும். அமெரிக்காவில் 1936இல் வந்த ஃபியஸ்டா தட்டுகளின் பழைய சிவப்பில் யுரேனியமே உண்டு! இந்த விஷயத்தில் மட்டும் அழகுக்கு மயங்காதே. தினசரிக்கு எடுப்பவற்றை ஆய்வகத்தில் சோதித்துவிட்டால் நிம்மதி.

தங்கக் கோடு போட்டதை மைக்ரோவேவில் வைக்காதே. அடுக்கும்போது நடுவே ஒரு துணி போடு.

முதலில் நான்கு தட்டு போதும். வாங்கியதும் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு, முத்திரையைச் சேர்ந்தே பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அக்கா