எங்கள் பால்வாடிக்கு ஓர் ஆயாம்மாவைப் போடுங்கள்

மதிப்பிற்குரிய மாவட்டத் திட்ட அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் அங்கன்வாடியில் உதவியாளர் பணியிடம் காலியாகக் கிடப்பது தங்களுக்குத் தெரியும். பழைய ஆயாம்மா ஓய்வு பெற்றதிலிருந்து நாங்கள் கொடுத்த மனுக்கள் தங்கள் அலுவலகத்தில்தான் இருக்கின்றன. போன வாரம் நடந்ததும் காதுக்கு வந்திருக்கும். டீச்சர் அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது மூன்று வயதுப் பையன் வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டான். லாரி போகிற ரோடு. பஸ்ஸுக்கு நின்ற யாரோ ஒருவர் தூக்கிக்கொண்டு வந்து விட்டார். மறுநாள் டீச்சரிடம் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர்தானா?

ஒரு நாள் பதினோரு மணிக்கு வந்து பாருங்கள், ஐயா. அடுப்பில் பருப்பு கொதிக்கும். முட்டையை அவித்து, ஆறவைத்து, உரிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு பிள்ளை "டீச்சர், ஒண்ணுக்கு" என்று வந்து நிற்கும். கழிப்பறை கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிறது. கூட்டிக்கொண்டு போனால் அடுப்பையும் மற்ற பிள்ளைகளையும் அப்படியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். என் மகள் காலையில் கொண்டுபோகிற தண்ணீர் பாட்டில் மாலையில் நிறைந்தபடியே திரும்பி வருகிறது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால், "ஒண்ணுக்கு வந்துரும்மா" என்கிறாள். நாலு வயதுப் பிள்ளை இந்த வெயிலில் தாகத்தை அடக்கப் பழகியிருக்கிறாள்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் வந்தபோதே 3 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 500 கலோரி, 12 முதல் 15 கிராம் புரதம் தரச் சொன்னது. அரிசி, பருப்பு, முட்டை எல்லாம் மையத்துக்கு வந்துவிடுகின்றன, அதில் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அதை ஆக்க, பிசைய, சாப்பிட மாட்டேன் என்கிற பிள்ளைக்குக் கொஞ்சிக் கொஞ்சி ஊட்ட ஆள் வேண்டாமா? அங்கன்வாடித் திட்டம் 1975-இல் தொடங்கியது. மையத்துக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர் என்று வகுத்ததே ஒருவரால் முடியாது என்று தெரிந்துதானே!

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளிச் சமையல் கூடத்தில் பற்றிய தீக்கு 94 பிள்ளைகளைக் கொடுத்த மாநிலம் நம்முடையது. அடுப்புக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே ஒரு பெரிய ஆள் நிற்க வேண்டும் என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இத்தனைக்கும் நடுவில் செல்போன் ஆப்பில் வருகை, எடை, உயரம், முகப் பதிவு என்று டீச்சர் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சிக்னல் கிடைக்காமல் தாமதமானால் உடனே போன் வருகிறது. ஆயாம்மா இல்லாததைப் பற்றி இதுவரை ஒரு போன் வரவில்லை. பிள்ளையின் எடையை வாங்கி வைத்துக்கொள்கிற துறை, அந்தப் பிள்ளைக்குச் சோறு போட ஆளில்லாததைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருக்கிறது? வயிறு எரிகிறது, ஐயா.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றே ஒன்றுதான்: எங்கள் மையத்துக்கு உதவியாளரை நியமியுங்கள். நியமனத்துக்கு நாளாகும் என்றால், அதுவரை தற்காலிகமாகவாவது ஒருவரை அனுப்புங்கள். எந்தத் தேதியில் வருவார் என்பதை டீச்சருக்கு எழுத்தில் தெரிவித்தால் போதும், நாங்கள் பொறுத்திருக்கிறோம். டீச்சரிடம் கேட்ட விளக்கத்தையும் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள்.

இப்படிக்கு,
மையத்துப் பிள்ளைகளின் பெற்றோர் சார்பில் ஒரு தாய்